ஆக்சல் போச்சு, தங்கம் வந்துச்சு... அலிசா லியூவின் ஆறு சீசன் கணக்கு!

பிப்ரவரி 19. இத்தாலியின் மிலன் நகரில் இரவு. நம்ம ஊர் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி வெகுநேரம். குளிர்கால ஒலிம்பிக்ஸ் ஃபிகர் ஸ்கேட்டிங், பெண்கள் பிரிவின் கடைசிச் சுற்று. பளபளக்கும் தங்க நிற உடை, தலைமுடியில் மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி வரிவரியாக ப்ளீச், சிரித்தால் மேலுதட்டுக்குள் இருந்து மின்னும் ஒரு பியர்சிங். மெதுவாகத் தொடங்கிப் பாதியில் டிஸ்கோவாக வெடிக்கும் டோனா சம்மரின் 'மெக்ஆர்தர் பார்க்' பாட்டுக்கு, 20 வயது அலிசா லியூ ஐஸில் நகர ஆரம்பித்தார். அடுத்த நாலு நிமிஷம் அந்தப் பொண்ணு போட்டிக்கு வந்த மாதிரியே தெரியவில்லை. ஃப்ரெண்டு வீட்டுக் கல்யாணத்தில் டி.ஜே. போட்ட பாட்டுக்கு இறங்கி ஆடுகிற மாதிரிதான் இருந்தது.

அந்த ஆட்டத்துக்கு 150.20, மொத்தம் 226.79. ஜப்பானின் கவோரி சகமோட்டோ 224.90 எடுத்து வெள்ளி. அதே ஜப்பானின் 17 வயது அமி நகாய் 219.16 எடுத்து வெண்கலம். 2002-ல் சாரா ஹியூஸ் ஜெயித்த பிறகு, ஒலிம்பிக்ஸ் பெண்கள் தனிநபர் பிரிவில் அமெரிக்காவுக்குத் தங்கம் கிடைப்பது இதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ரீல்ஸ் பக்கம் போயிருந்தால் உங்களுக்கும் இந்தக் கதை வந்திருக்கும். 'பதினாறு வயசுல ரிட்டயர் ஆனா, ரெண்டு வருஷம் ஊர் சுத்தினா, திரும்பி வந்தா, ஜாலியா ஆடினா, ஜெயிச்சா.' கீழே ஹார்ட் எமோஜி, மேலே ஏதாவது ஒரு மோட்டிவேஷன் மியூசிக்.

கதை பொய் இல்லை. ஆனால் பாதிதான். இந்தப் பொண்ணு 13, 14 வயதில் போட்ட இரண்டு பெரிய ஜம்ப்களில் ஒன்றைக்கூட 20 வயதில் போடவில்லை. ட்ரிபிள் ஆக்சல் இல்லை. க்வாட் லுட்ஸ் இல்லை. எந்த ஜம்ப்களுக்காக உலகம் முதலில் அவரைத் திரும்பிப் பார்த்ததோ, அவை இல்லாமலே அவர் உலகின் நம்பர் ஒன். 'ஜாலியா ஆடினா' என்ற ஒற்றை வரியில் இதை அடக்கிவிட முடியாது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கணும்.

பம்பரமும் பன்னிரண்டு வயதும்

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆறு வகை ஜம்ப்கள். அதில் ஆக்சலை மட்டும்தான் முன்பக்கம் பார்த்தபடி எகிறிப் போடுவார்கள்; இறங்குவதோ எல்லா ஜம்ப்பையும் போலப் பின்பக்கமாக. அதனால் ட்ரிபிள் என்றால் மூன்று சுற்று இல்லை, மூன்றரைச் சுற்று. காற்றில் இருக்கிற நேரமோ ஒரு விநாடிகூடக் கிடையாது. அதற்குள் கையைக் காலைச் சுருட்டி, மூன்றரை தடவை சுழன்று, நாலு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒரு பிளேடின் ஓரத்தில் ஒற்றைக் காலில் இறங்கணும். க்வாட் லுட்ஸ் என்றால் நாலு முழுச் சுற்று.

பம்பரம் விட்டவர்களுக்கு இது புரியும். ஒல்லியான பம்பரம் வேகமாகச் சுற்றும்; அகலமான பம்பரத்துக்கு அதே வேகம் வர அதிக விசை வேண்டும். 12, 13 வயதுப் பெண் பிள்ளையின் உடம்பு ஒல்லியான பம்பரம். இடுப்பு அகலமாகவில்லை, உயரம் கூடவில்லை. அந்த வயதில் சுழற்சி கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கிறது. இது ஸ்கேட்டிங் உலகத்துக்கே தெரிந்த ரகசியம். ரொம்ப நாளாக அந்த ரகசியத்தை வைத்துத்தான் தொழிலே நடந்தது.

அலிசா கலிஃபோர்னியாப் பொண்ணு. அப்பா ஆர்தர் லியூ, 1989 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு சீனாவை விட்டு வெளியேறி அமெரிக்காவில் வக்கீலானவர். வாடகைத்தாய் மூலம் பிறந்த ஐந்து பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர். மூத்தவர் அலிசா. ஐந்து வயதில் ஓக்லாந்து ரிங்க்கில் விட்டார். பொண்ணுக்கு வருகிறது என்று தெரிந்ததும் பணத்தையும் நேரத்தையும் கொட்டினார். மகளின் ஸ்கேட்டிங்குக்காகத் தான் செலவழித்தது 5 லட்சம் முதல் 10 லட்சம் டாலர் வரை இருக்கும் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

2019 ஜனவரி, டெட்ராய்ட். அமெரிக்க தேசிய சாம்பியன்ஷிப். அலிசாவுக்கு 13 வயது, உயரம் 4 அடி 7 அங்குலம். ஷார்ட் ப்ரோகிராமில் ஒன்று, ஃப்ரீ ஸ்கேட்டில் இரண்டு என மூன்று ட்ரிபிள் ஆக்சல் போட்டு ஜெயித்தார். அந்தப் பட்டத்தை அதுவரை யாரும் அவ்வளவு சின்ன வயதில் வாங்கியதில்லை. 1997-ல் 14 வயதில் ஜெயித்த டாரா லிபின்ஸ்கியின் ரெக்கார்டு உடைந்தது. மேடையின் உச்சிப்படி அவருக்கு எட்டவில்லை. வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய அக்காக்கள் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அந்த வீடியோ அன்றைக்கு செம வைரல். எல்லோரும் 'ஸோ க்யூட்' என்றார்கள்.

அதே வருடம் ஆகஸ்ட்டில், லேக் ப்ளாசிட் ஜூனியர் கிராண்ட் ப்ரீ போட்டியில் க்வாட் லுட்ஸை இறக்கினார். போட்டியில் க்வாட் போட்ட முதல் அமெரிக்கப் பெண். ஒரே ஆட்டத்தில் க்வாட் லுட்ஸும் ட்ரிபிள் ஆக்சலும் போட்ட வகையில் உலகிலேயே முதல் பெண். 2020-ல் மறுபடியும் தேசிய சாம்பியன்.

இந்த வீடியோக்களை இப்போது வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஜம்ப்கள் பிரமிப்பு, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் ஜம்ப்புக்கும் ஜம்ப்புக்கும் நடுவே இருப்பதைக் கவனியுங்கள். கை ஒரு இடத்துக்குப் போகிறது, ஏனென்றால் அங்கே போகணும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முகம் சிரிக்கிறது, ஏனென்றால் அந்த இடத்தில் சிரிக்கணும். ஸ்கூல் ஆண்டு விழாவில் மிஸ் சைகை காட்ட ஆடும் பிள்ளை மாதிரி. 13 வயதுக் குழந்தையிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

உடம்பு போட்ட பிரேக்

2020 நடுவில் சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த கோச் லாரா லிபெட்ஸ்கியிடமிருந்து பிரிந்தார். புது டீம் வந்தது. கொரோனா வந்தது. அதைவிட முக்கியமாக, உயரம் வந்தது. ஐந்தடியைத் தாண்டினார். பம்பரம் அகலமானது. ஆக்சலும் க்வாடும் கையை விட்டு நழுவின. 2021 தேசியப் போட்டியில் அவை இரண்டும் இல்லாமல் ஆடி நாலாமிடம்.

இங்கேதான் நிறைய பேரின் கதை முடிந்துபோகும். ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்காயா 2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் 15 வயதில் அணித் தங்கம் வென்றவர். சாப்பாட்டையே வெறுக்க வைக்கும் அனோரெக்ஸியா நோயோடு போராடி 19 வயதில் ஓய்வு. அலினா ஸகிட்டோவா 2018-ல் 15 வயதில் ஒலிம்பிக் தங்கம். 2019 டிசம்பருக்குப் பிறகு போட்டிக்கே வரவில்லை. பத்தாம் வகுப்பில் உச்சம், காலேஜ் சேரும் வயதில் 'முன்னாள் வீராங்கனை'. இவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஒல்லியான உடம்பை நம்பிக் கட்டிய டெக்னிக், உடம்பு மாறியதும் காலை வாரிவிட்டது.

அலிசா அப்போது என்ன செய்தார் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆக்சல் இல்லாத ஒரு ஸ்கேட்டராகத் தன்னைத் திருப்பிக் கட்டிக்கொண்டார். பேலே பின்னணிக் கோரியோகிராஃபி, நீளமான எட்ஜ், சுத்தமான லேண்டிங். பெய்ஜிங் 2022-ல் சைக்கோவ்ஸ்கியின் வயலின் இசைக்கு ஆடினார். அன்றைக்கு ஏழாமிடம், ஊக்கமருந்து வழக்கில் ரஷ்யாவின் கமிலா வலியேவா தகுதிநீக்கம் ஆனபின் ஆறாமிடம். அடுத்த மாதம் பிரான்ஸின் மோன்பெலியேவில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம். 2016-க்குப் பிறகு உலகப் போட்டியில் மெடல் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். ரஷ்யர்கள் தடை காரணமாக அந்தப் போட்டியில் இல்லை என்பதையும் சொல்லிவிடணும்.

டெக்னிக்கலாகப் பார்த்தால் அந்தச் சீசனில் அவர் நன்றாகவே மீண்டுவிட்டார். ஆனாலும் 2022 ஏப்ரலில், 16 வயதில், இன்ஸ்டாகிராமில் ஒரு போஸ்ட் போட்டு 'போதும்' என்று கிளம்பினார். மெடல் வாங்கி இரண்டே வாரத்தில்!

ஏன் என்பதைப் பின்னாளில் பேட்டிகளில் துண்டு துண்டாகச் சொன்னார். இசை, உடை, சாப்பாடு, பயிற்சி, எந்த ஊரில் தங்குவது, யார் கோச் என எல்லாமே மற்றவர்கள் எடுத்த முடிவு. கொரோனாவில் ரிங்க் மூடியபோது கிடைத்த லீவுதான் தனக்குப் பிடித்திருந்தது என்றார். யோசித்துப் பாருங்கள்: உலகமே அடைந்து கிடந்த நாட்கள் ஒரு 14 வயதுப் பொண்ணுக்கு விடுதலையாக இருந்திருக்கிறது.

ஐஸ் இல்லாத இரண்டு வருஷம்

இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடலாம், ஏனென்றால் ரீல்ஸ் இதைத்தான் அதிகம் சொல்லிவிட்டது. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்தார். டிரைவிங் கற்றுக்கொண்டார். யு.சி.எல்.ஏ.வில் சைக்காலஜி சேர்ந்தார். தம்பி தங்கைகளோடு நேரம் செலவழித்தார். ரிங்க் பக்கம் போகவே இல்லை.

2024 தொடக்கத்தில் ஃப்ரெண்ட்ஸோடு பனிச்சறுக்கு டூர். மலையிலிருந்து சறுக்கி இறங்கியபோது அடித்த காற்றும் படபடப்பும் எதையோ ஞாபகப்படுத்த, ஊர் திரும்பியதும் ஒரு ரிங்க்குக்குப் போனார். இரண்டு வருடம் தொடாத ஷூ. அன்றைக்கே டபுள் ஆக்சலும் ட்ரிபிள் சால்கோவும் வந்துவிட்டன.

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். அப்புறம் வருகிறேன் இதற்கு.

பழைய கோச் ஃபிலிப் டிகுயில்மோவுக்கு போன் போட்டார். அவர் முதலில் 'வேண்டாம்' என்றுதான் பேசிப் பார்த்தார். அவரும் கோரியோகிராஃபர் மாசிமோ ஸ்காலியும் கடைசியில் ஒப்புக்கொண்டபோது, கண்டிஷன் போட்டது கோச்கள் இல்லை, அலிசா. பாட்டு நான் எடுப்பேன். உடையில் என் சொல் இருக்கும். எப்போது பயிற்சி, எப்போது ரெஸ்ட், என்ன சாப்பிடுவது எல்லாம் என் முடிவு. அப்பா பார்வையாளர் வரிசையில் இருப்பார், பயிற்சியில் இல்லை. 2024 மார்ச் 1-ல் அறிவிப்பு வந்தது.

அந்த முதல் சீசன் சினிமா மாதிரி எல்லாம் இல்லை. 2024 அக்டோபரில் புடாபெஸ்டில் சின்னப் போட்டி ஒன்றில் ஜெயித்தார். ஸ்கேட் கனடாவில் ஆறாமிடம். ஜப்பானின் என்.எச்.கே. டிராஃபியில் நாலாமிடம். தேசியப் போட்டியில் ஆம்பர் க்ளெனுக்குப் பின்னால் வெள்ளி. சியோலில் நடந்த நான்கு கண்டப் போட்டியில் மறுபடியும் நாலாமிடம். படிப்படியாக ஏறிய கிராஃப் கூட இல்லை. ஏறி இறங்கி ஏறியது. அப்புறம் 2025 மார்ச், பாஸ்டன் உலக சாம்பியன்ஷிப். ஷார்ட், ஃப்ரீ இரண்டிலும் முதலிடம். மொத்தம் 222.97. மூன்று வருடமாகப் பட்டத்தை விட்டுக்கொடுக்காத சகமோட்டோவை முந்தினார். அமெரிக்கப் பெண் ஒருவர் உலகப் பட்டம் வாங்கி அப்போது 19 வருடம் ஆகியிருந்தது.

ஜம்ப் குறைஞ்சது, மார்க் ஏன் ஏறுச்சு?

இதுதான் அசல் கேள்வி. மார்க் போடும் முறையைத் தெரிந்துகொண்டால் விடை பாதி வந்துவிடும். பயப்படாதீங்க, ஈஸிதான்.

ஒவ்வொரு ஜம்ப்புக்கும் ஒரு அடிப்படை விலை உண்டு. ட்ரிபிள் லுட்ஸ் 5.90. ட்ரிபிள் ஆக்சல் 8.00. க்வாட் லுட்ஸ் 11.50. இதன் மேல் நடுவர்கள் மைனஸ் 5 முதல் ப்ளஸ் 5 வரை தரம் போடுவார்கள். ஒவ்வொரு புள்ளியும் அடிப்படை விலையில் பத்து சதவிகிதம். 2018-19 சீசனுக்கு முன்னால் இது மைனஸ் 3 முதல் ப்ளஸ் 3 வரைதான் இருந்தது.

இப்போது கணக்கு. ட்ரிபிள் ஆக்சல் போட்டு விழுந்தால் எட்டில் பாதி போச்சு, விழுந்ததற்குத் தனியாக ஒரு மார்க் கழிவு. கையில் மிச்சம் 3. ட்ரிபிள் லுட்ஸை அழகாக, வேகத்தோடு போட்டு ப்ளஸ் 3 வாங்கினால் 7.67. விழுந்த ஆக்சலைவிட இரண்டரை மடங்கு. சரி, ஆக்சலை நன்றாகப் போட்டால்? ப்ளஸ் 2 கிடைத்தால் 9.60. ஆக, ஆக்சல் கைவசம் இருப்பவருக்கு லாபம் உண்டு, மறுக்கவே முடியாது. ஆனால் விழாமல் ஆடுபவருக்கும் அவருக்கும் இடையிலான தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

அதோடு கலைக்கான மார்க் தனி. 2022-23 சீசனிலிருந்து அதை மூன்று தலைப்பாகச் சுருக்கிவிட்டார்கள்: ஆட்டத்தின் கட்டமைப்பு, வெளிப்படுத்தும் விதம், ஸ்கேட்டிங் திறன். பெரிய ஜம்ப்புக்காக ரிங்க்கின் நீளம் முழுக்க நேராக ஓடித் தயாரானால் இந்த மூன்றிலும் அடி விழும். ஏனென்றால் ஓடுகிற அந்த நேரம் முழுக்க ஆட்டமே இல்லை.

மிலனில் இந்தக் கணக்கு கண்முன்னே நடந்தது. ஷார்ட் ப்ரோகிராமில் அமி நகாய் ட்ரிபிள் ஆக்சலை இறக்கி முதலிடம். அலிசா மூன்றாமிடம், இரண்டே புள்ளிகள் பின்னால். ஃப்ரீ ஸ்கேட்டில் கதை மாறியது. தனிநபராகக் கலந்துகொண்ட ரஷ்யாவின் அடெலியா பெட்ரோசியன் க்வாட் முயன்று விழுந்தார், ஆறாமிடம். நகாய் சின்னச் சின்னத் தவறுகளால் கீழே இறங்கினார். அலிசாவிடம் ஒரு தள்ளாட்டம்கூட இல்லை.

ஆனால் 'ரிஸ்க் எடுக்காமல் ஜெயித்தார்' என்று சொன்னால் அது அநியாயம். அலிசாவின் ஷார்ட் ப்ரோகிராமில் ட்ரிபிள் லுட்ஸ், அதைத் தொடர்ந்து ட்ரிபிள் லூப் என்று ஒரு காம்பினேஷன் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இரண்டாவது ஜம்ப்பாக டோ லூப் போடுவார்கள். அதில் இன்னொரு காலின் பிளேடு முனையால் ஐஸைக் குத்தி எம்பலாம். லூப்பில் அந்த உதவி கிடையாது. இறங்கிய அதே கால், அதே எட்ஜ், அப்படியே மறுபடி மேலே. முதல் ஜம்ப்பில் இறங்கும்போது உடம்பு ஒரு துளி சாய்ந்திருந்தாலும் இரண்டாவது ஜம்ப் கிடையாது. டி.வி.யில் பார்க்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. க்வாட் மாதிரி இதற்கு ஹெட்லைன் வராது. ஆனால் ஸ்கேட்டர்களுக்குத் தெரியும்.

எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம். 13 வயது அலிசாவின் கஷ்டமான ஜம்ப், எடையில்லாத உடம்பின் வரம். 20 வயது அலிசாவின் கஷ்டமான ஜம்ப், பேலன்ஸும் நேரக்கணக்கும் தரும் பலன். முதலாவது வளர்ந்தால் போய்விடும். இரண்டாவது வளர்ந்தால்தான் கைகூடும்.

கலைப் பக்கமும் இதே கதைதான். சின்ன வயது வீடியோவில் கை போன இடத்துக்குக் காரணம் டீச்சர். 'மெக்ஆர்தர் பார்க்' ஆட்டத்தில் கை போகிற இடத்துக்குக் காரணம் டிரம்ஸ். பாட்டு டிஸ்கோவுக்கு மாறும் நொடியில் தோள்பட்டையில் ஒரு துள்ளல் வருகிறது பாருங்கள், அது அந்தப் பாட்டைத் தானே தேடி எடுத்த ஆளின் துள்ளல். ஷார்ட் ப்ரோகிராமில் லௌஃபேயின் 'ப்ராமிஸ்' பாட்டுக்கு அதே பொண்ணு கிட்டத்தட்ட மூச்சுவிடும் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதியாகிவிடுகிறார். இரண்டும் ஒரே ஆள் என்பதை நம்ப வைக்கிற அந்த நிதானம் பெய்ஜிங்கில் இல்லை. அங்கே சைக்கோவ்ஸ்கி இருந்தார், அலிசா இல்லை.

சந்தோஷம் மட்டும் போதுமா?

இப்போது அந்த ரீல்ஸ் கதைக்கு வருகிறேன். 'ஜெயிக்கணும்னு நினைக்காம ஆடினா, அதனால ஜெயிச்சா' என்பதை நான் ஏன் முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை என்றால், அது மூன்று விஷயங்களை மறைக்கிறது.

ஒன்று, சகமோட்டோ. அவரிடமும் ட்ரிபிள் ஆக்சல் கிடையாது, க்வாட் கிடையாது. வேகமும் பிரமாண்டமான டபுள் ஆக்சலும் வைத்தே 2022, 23, 24 மூன்று உலகப் பட்டங்களையும் எடுத்தார். வளர்ந்த பெண்ணின் ஸ்கேட்டிங் ஜெயிக்க முடியும் என்ற பாதையை வெட்டியவர் அவர். 25 வயதில் மிலனுக்கு வந்து, ஃப்ரீ ஸ்கேட்டில் ஒரு காம்பினேஷனைத் தவறவிட்டு, இரண்டே புள்ளியில் தங்கத்தை இழந்து அழுதார். சந்தோஷத்தில் அவரும் குறைந்தவர் இல்லை. அலிசா நடந்தது அவர் போட்ட ரோட்டில்.

இரண்டு, விதி. வலியேவா விவகாரத்துக்குப் பிறகு, 2022 ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17 ஆக உயர்த்தியது. ஆதரவாக 100 ஓட்டு, எதிர்ப்பாக 16. அந்தப் பழைய விதியே தொடர்ந்திருந்தால், மிலனில் 15 வயதுப் பிள்ளைகள் வரிசையாக க்வாட் போட்டுக்கொண்டிருக்கலாம். ரஷ்ய அணியும் முழு பலத்தோடு இல்லை. அலிசாவின் தங்கத்தை இது குறைத்துவிடாது. ஆனால் எந்த மைதானத்தில் ஜெயித்தார் என்பதும் கதையில் சேர்த்திதானே?

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துகிறது. நின்று படியுங்கள் என்று சொன்னேனே, அந்த வாக்கியம். இரண்டு வருடம் ஐஸைத் தொடாதவருக்கு முதல் நாளே ட்ரிபிள் சால்கோ வந்தது எப்படி? ஐந்து வயதிலிருந்து தினம் தினம் விழுந்து எழுந்த அந்தப் பத்து வருடம்தான். எந்தக் குழந்தைப்பருவத்தைப் பிடிக்காமல் அவர் ஓடிப்போனாரோ, அதுதான் அவர் உடம்பில் முதலீடாக உட்கார்ந்திருந்தது. 18 வயதில் 'எனக்கு ஆசையா இருக்கு' என்று புதிதாக ஷூ மாட்டும் யாருக்கும் இந்த உலகத்தில் எவ்வளவு சந்தோஷம் இருந்தாலும் லுட்ஸ்-லூப் வராது.

'அப்போ அப்பா செஞ்சது சரிதானே?' என்று உடனே கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாம் பார்ப்பது திரும்பி வந்த ஒருத்தியை. அதே மாதிரி வளர்க்கப்பட்டு, திரும்பி வராத பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது. இடுப்பிலும் முதுகிலும் காயத்தோடு, பிளஸ் டூ வயதில் வீட்டுக்குப் போனவர்களுக்கு யாரும் ரீல்ஸ் போடவில்லை. ஜெயித்த ஒரு ஆளை வைத்து ஒரு முறையைச் சரி என்று சொல்வதென்றால், லாட்டரி விழுந்தவரைக் காட்டி லாட்டரி வாங்கச் சொல்லலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அலிசாவால் விலக முடிந்தது. அந்த விலகலுக்கும் ஒரு விலை உண்டு. காலேஜ் ஃபீஸ் கட்ட வீட்டில் ஆள் இருந்தார்கள், போன் பண்ணினால் எடுக்கும் கோச் இருந்தார். குடும்பமே இந்தப் பிள்ளையின் மெடலை நம்பி இருக்கும் வீட்டில், 16 வயதில் 'போதும்' என்று சொல்லிவிட்டு மலையேறப் போக முடியுமா?

இதையெல்லாம் சொன்ன பிறகும், முடிவை யார் எடுப்பது என்ற விஷயத்தில் நான் அலிசா பக்கம்தான். அதுவும் சும்மா ஃபீல் குட் காரணத்துக்காக இல்லை, டெக்னிக் காரணத்துக்காக. அவர் திரும்பி வந்தபோது 'ஆக்சலை மீட்டாகணும்' என்று ஒரு பெரியவர் கூட நின்றிருந்தால், அடுத்த இரண்டு வருடம் அந்த ஒரு ஜம்ப்பிலேயே போயிருக்கும், கூடவே முழங்காலும். தன் இப்போதைய உடம்புக்கு எது வரும், எது வேண்டாம் என்று அவரே முடிவெடுத்ததால்தான் லுட்ஸ்-லூப்புக்கும் டிஸ்கோவுக்கும் நேரம் கிடைத்தது. ஆட்டத்தின் நடுவில் ஜம்ப்புக்குத் தயாராகும் முகம் அவரிடம் இல்லை. நடுவர்கள் மார்க் போட்டது அதற்கும் சேர்த்துத்தான்.

இனி கவனிக்க வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது: மாவோ ஷிமாடா. ஜப்பான்காரர். பழைய உலக சாம்பியன் மாவோ அசாடாவின் நினைவாகப் பெற்றோர் வைத்த பெயர். சின்ன வயதிலேயே ட்ரிபிள் ஆக்சலும் க்வாட் டோ லூப்பும் கைவசம். 2023, 2024, 2025 என வரிசையாக ஜூனியர் உலக சாம்பியன். பிறந்தது 2008 அக்டோபர் 30. புது வயது விதியில் நாலு மாதம் பற்றாமல் மிலன் ஒலிம்பிக்ஸ் அவருக்குக் கிடைக்கவில்லை. பழைய விதி இருந்திருந்தால் மிலனிலேயே அவர் ஒலிம்பியன் ஆகியிருப்பார், அந்தச் சின்ன உடம்பின் ஜம்ப்களோடு.

அடுத்த குளிர்கால ஒலிம்பிக்ஸ் 2030-ல், பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில். ஷிமாடாவுக்கு அப்போது 21 வயது ஆகியிருக்கும். அந்த க்வாட் அதுவரை கூட வருமா, வராவிட்டால் பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் அவரிடம் என்ன சொல்வார்கள் என்பது இந்த நாலு வருடத்தில் தெரிந்துவிடும்.